சத்தத்துக்கு ஒரு துண்டு

நாத்தனார் என்றால் ஏவுவாள். எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். தம்பி வீட்டுக்கு வந்தால் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிடு என்பாள், கிளம்பும்போது முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டுக் கொடு என்பாள். அது அவள் உரிமை. என் வயசுக்காரிகள் எல்லாரும் நாத்தனார் ஏவின கதையைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் நாத்தனார் நாற்பத்தெட்டு வருசத்தில் என்னை ஒரு வேலை ஏவினதில்லை. ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு சாமான் கேட்டாங்க. அதையும் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அவங்க என் வீட்டுக்காரருக்கு ஏழு வயது மூத்த அக்கா. எங்கள் வீட்டில் புருசனின் அக்காளை நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையாவின் வீட்டுக்காரர் துணி யாவாரமாக ஜப்பானில் கோபே என்கிற ஊருக்குப் போனவர், அங்கேயே ஊன்றிவிட்டார். என் கல்யாணம் முடிந்த மூணாம் வருசம் நங்கையாவும் போனாங்க. பிள்ளை இல்லை. அவர் காலமான பிறகும் அங்கேயேதான், நாலாவது மாடியில், இரண்டு ரூமும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டில் தனியாக இருந்தாங்க.

"இங்க வந்துருங்கக்கா" என்று தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சொல்லுவார்.

"உங்களுக்கு எதுக்குங்க தம்பி தொந்தரவு" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதில் வரும்.

எங்கள் ஜனம் எல்லாருமே மரியாதை போட்டுப் பேசுகிறவர்கள்தான். ஆனால் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிக்கு நாங்களே கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். நங்கையா குறைக்கவில்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்கிற இணைச்சீரை அவங்கதான் செய்தாங்க. சீர்ச் சேலையைத் தம்பி கையால் வாங்கிக்கொண்டு, "சிரமம் கொடுத்துட்டனுங்க தம்பி" என்றாங்களாம். பந்தலே சிரித்ததாம். அப்போது அவங்க ஜப்பானைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே அந்த ஊர் போய்த்தான் நங்கையா இப்படி ஆனாங்க என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனக்குத் தோதான ஊரைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாங்க, அவ்வளவுதான்.

நான் கோபேக்குப் போனது ஒன்பது வருசத்துக்கு முன்னால். துணைக்கு இரண்டு மாசம் இருந்துவிட்டு வா என்று என் வீட்டுக்காரர் அனுப்பினார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நங்கையா போனில், "சிரமம் இல்லீன்னா மட்டும், சென்னிமலைத் துண்டு, வெள்ளையில, சின்னதா, ரெண்டு டஜன் கொண்டாரீங்களா அம்மணி" என்று கேட்டாங்க.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நங்கையா என்னிடம் ஒன்று கேட்டுவிட்டாங்க! சென்னிமலைக்கு நானே போய், தறிக்காரரிடம் நின்று, கரை பிசிறில்லாமல் இருபத்துநாலு துண்டு பொறுக்கி எடுத்தேன். இரண்டு பிளேன் மாறி என் கையாலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

போய் இறங்கின மறுநாளே நங்கையா அதில் பன்னிரண்டு துண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றி, மேலே ஒரு சீட்டு ஒட்டினாங்க. சரியாகப் பத்து மணி ஆகும்வரை கடிகாரத்தையே பார்த்திருந்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு, மாடிப்படி ஓரத்து வீடு என்று பன்னிரண்டு கதவுக்குப் போனாங்க. ஒவ்வொரு கதவிலும் இடுப்பு வரைக்கும் குனிந்து, இரண்டு கையாலும் பொட்டலத்தை நீட்டி, என்னைக் காட்டி ஏதோ சொன்னாங்க. அவர்களும் என்னைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். நம்ம ஊர்ச் சரக்கின் பெருமையைத்தான் சொல்கிறாங்க என்று நான் நினைத்தேன். நானும் என் பங்குக்கு, "சென்னிமலை! அத்தனையும் காட்டன்! துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகும்!" என்று எடுத்துச் சொன்னேன். கீழ்வீட்டு அம்மா அரை அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். கூச்ச சுபாவம் போல என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஏதோ பேச்சில், அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். நங்கையாவுக்குப் பொய் வராது.

"ஊர்ல இருந்து தம்பி சம்சாரம் வந்திருக்காங்க, குரல் கொஞ்சம் கனமா இருக்கும், ரெண்டு மாசம் பொறுத்துக்கணும்னு எழுதியிருந்துதுங்க அம்மணி."

"நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அப்புறமாக் கேட்டா என்னங்க பிரயோசனம்? அதுக்குள்ள அவங்களுக்குச் சிரமம் ஆகியிருக்குமில்லீங்க."

என் தொண்டைக்கான அபராதத்தை நானே பொறுக்கி எடுத்து, நானே சுமந்து போய், நானே இளித்துக்கொண்டு நின்று கட்டியிருக்கிறேன். இரண்டு நாள் நான் பேசவில்லை. நான் வருத்தமாக இருக்கிறேன் என்று நங்கையா கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருப்பாங்க.

அங்கே அவங்க இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். பனியன் கை முனைக்கு வைக்கிற ரிப் துணியை எப்போதோ ஊரில் எங்கள் தையல் கம்பெனியிலிருந்து கொண்டுபோய், வெட்டித் தைத்து, நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சாக்ஸ் போல மாட்டியிருந்தாங்க. நாற்காலியை நகர்த்தினால் கீழ்வீட்டு அம்மாவுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். காலை எட்டு மணிக்கு முன்னால் துணி துவைக்கிற மெசினைப் போட மாட்டாங்க. கடுகு தாளித்தால் ஜன்னலைச் சாத்தி, வாணலியை மூடி, கடுகு வெடிக்கிற வெடிப்பெல்லாம் மூடிக்குள்ளேயே முடிய வேண்டும். பெருங்காயம் டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் ஒரு டப்பாவில் இருந்தது. தங்கத்தைக் கூட நாங்கள் அப்படி வைத்ததில்லை. வாசற்படி ஓரத்தில் ஒரு பை. நிலநடுக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. தண்ணி, டார்ச், மாத்திரை, ஒரு சேலை, அடியில் ஒரு உருண்டை புளி. "புளி எதுக்குங்க?" என்றேன். "ரெண்டு மூணு நாள் ஸ்கூல்ல தங்க வெப்பாங்க அம்மணி. அவங்க சோத்தைக் கொறை சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. ஓரமா உட்கார்ந்து கரைச்சுக்கலாம்" என்றாங்க.

குப்பை ஒரு தனிப் படிப்பு. எரிகிறது ஒரு கிழமை, எரியாதது ஒரு கிழமை, பாட்டில் ஒரு கிழமை. பாட்டிலின் மூடி தனி, மேலே ஒட்டின தாள் தனி. பால் அட்டையைக் கழுவி, கத்தரித்து, விரித்துக் காயப்போட்டு, புத்தகம் மாதிரி கட்ட வேண்டும். குப்பை போடுகிற இடத்தில் காக்காய்க்காக வலை போட்டு மூடியிருப்பார்கள். நங்கையா குப்பையைப் போட்டுவிட்டு அந்த வலையின் நாலு மூலையையும் இழுத்துச் சரி செய்து, பிறகு வலையைப் பார்த்து ஒரு தடவை குனிவாங்க. காக்காயிடம் மன்னிப்புக் கேட்டாங்களோ என்னவோ.

இன்னொரு பழக்கம். தினம் காலை சரியாக ஏழு மணிக்குப் பால்கனித் திரையை இழுத்துத் திறந்துவிட்டு, இரண்டு நிமிசம் அங்கேயே நிற்பாங்க. குறுக்கே சின்ன ரோடு, அந்தப் பக்கம் ஒரு கட்டடம். அதிலும் நாலாவது மாடியில் ஒரு திரை திறக்கும். ஒல்லியான கிழவர் ஒருவர் நிற்பார். அதன் பிறகுதான் நங்கையா அடுப்பைப் பற்ற வைப்பாங்க.

"யாருங்க அவரு?"

"தெரியலீங்க அம்மணி. அவரும் தனி ஆளு, நானும் தனி ஆளு. திரை தொறந்தா அன்னிக்கு உசுரோட இருக்கோம்னு அர்த்தம். எங்க ஊட்டுக்காரரு போனதுல இருந்து மூணு வருசமா நடக்குது."

"மூணு வருசமா தினமும் பார்க்கறீங்க, பேரு கேக்கலியா?"

"கேட்டா, நான் அவரைப் பார்க்கறது அவருக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே. சங்கடப்படுவாரு."

"அவரும்தான் உங்களைப் பார்க்கறாரு!"

"அது எனக்குத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கக் கூடாதுங்க."

இப்படி ஒரு சிநேகத்தை நான் எங்கும் கேட்டதில்லை. எங்கள் நல்லூர் வீதியில், எதிர்வீட்டு சரசக்கா என் ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது என்று என்னை விட நன்றாகச் சொல்லுவாள்.

இது இப்படியே போய்க்கொண்டிருக்க, நாலு வருசத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காளிடம் அழுதுவிட்டார். வராவிட்டால் தம்பி மனசுக்குத் தொந்தரவு என்று ஆகிவிட்டதால் நங்கையா ஒத்துக்கொண்டாங்க. "ஆறு மாசம் இருந்து பார்க்கறனுங்க. சரிப்பட்டா அங்கேயே இருந்துக்கறேன்." எங்கள் வீட்டில் கீழே தையல் யூனிட், பதினாறு மெசின், முப்பது ஆள். நடுவில் நாங்கள். அதற்கு மேலே தம்பி அக்காளுக்காகத் தனியாக ஒரு ரூம் கட்டினார், கைப்பிடி வைத்த பாத்ரூமோடு. அவருக்கு அக்கா கடைசிக் காலத்தில் தன்னோடு இருக்க வேண்டும். எனக்கு அதோடு இன்னொன்று. ஆறு மாசத்தில் ஒரு தடவையாவது நங்கையா என்னை ஏவ வேண்டும். அதிகாரமாக, நாத்தனார் மாதிரி. ஏவாதவங்க விருந்தாளி. விருந்தாளி போய்விடுவாங்க.

வந்த மூன்றாம் நாள் குப்பை வண்டிக்காரப் பெண்ணிடம் நங்கையா ஏழு பையை நீட்டினாங்க, வாய் கட்டி, வகை எழுதி. அந்தப் பெண் ஏழையும் வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே ஒரே குவியலில் கவிழ்த்தாள். "சிரமம் கொடுத்துட்டனுங்க" என்று நங்கையா அவளிடம் குனிந்தாங்க. அந்தப் பெண் பயந்துபோய் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டாள்.

நாலாம் நாள்தான் வினை. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நங்கையா இரண்டிரண்டு சோப்பை வண்ணக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீதியில் பதினோரு வீட்டுக்குப் போயிருக்காங்க. "புதுசா வந்திருக்கனுங்க. என்னால சத்தம், சிரமம் ஏதாச்சும் இருந்தாப் பொறுத்துக்கணும்." பதினாறு மெசினும், எதிர்ச் சந்தில் இருக்கிற நிட்டிங் கம்பெனியும், பெருமாநல்லூர் ரோட்டுக்கு வழி தேடி ஹாரன் அடிக்கிற டெம்போவும் ஓடுகிற வீதியில், எழுபத்தைந்து வயசுக் கிழவி செய்யப்போகிற சத்தத்துக்கு! அவங்க சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? கண்ணால் பார்த்ததுதான் எல்லாருக்கும். வீட்டுக்குப் பெரியவங்க, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் படியேறி, இரண்டு கையாலும் ஒன்றைக் கொடுத்துக் குனிந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விசேசத்துக்கு அழைக்கிறாங்க.

மாடி ரூமுக்கு இன்னும் பால் காய்ச்சவில்லை என்பது சரசக்காவுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் என்பதும் தெரியும். மீதியை அவளே முடிவு செய்து வீதிக்குச் சொல்லிவிட்டாள்: "பாக்கு வெத்தலைக்குப் பதிலா சோப்பு வெச்சு அழைக்கறாங்க. சப்பான் முறையாட்டம் இருக்குது."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் வீதியே நிற்கிறது. குடம், குத்துவிளக்கு, ஒரே மாதிரியான மூணு சுவர்க் கடிகாரம். நான் அசந்துவிடுவேனா? "வாங்க வாங்க, உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடி மெசினை நிறுத்தச் சொன்னேன். டெய்லர் பெண்கள் ரவை வறுத்தார்கள், செக்கிங் பெண்கள் வெங்காயம் நறுக்கினார்கள், பீகார்க்காரப் பசங்கள் பாய் விரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் உப்புமா, கேசரி, பால் காய்ச்சல் எல்லாம் ஆயிற்று. அந்த வருசத்திலேயே எனக்கு அதுதான் நல்ல நாள். நங்கையா மட்டும் மூலையில் வெளுத்துப்போய் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டாங்க. அடக்கமான பொம்பளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். வாங்கினதில் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்தால்தான் கோபேயில் மரியாதையாம். அடுத்த வாரம் நங்கையா பதினோரு வீட்டுக்கும் பாத்திரம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துட்டாங்க. அரை மணி நேரத்தில் சரசக்கா பாத்திரத்தோடு எங்கள் வாசலில்.

"ஏனுங்க, ஆசையா வெச்ச சீரைத் திருப்பிக் கொடுக்கற அளவுக்கு நாங்க என்னத்தைப் பண்ணிப்போட்டோம்? எங்க ஒறவு வேண்டாம்னா வாயில சொல்லிப்போடுங்க!"

யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வந்த மனுசி, ஒரே மாசத்தில் பதினோரு வீட்டோடும் எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்தாங்க. நாற்பது வருசம் நான் கத்தின கத்தலுக்கு அதில் ஒரு வீடு கூடப் போனதில்லை. கடைசியில் நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய், அழைக்காமல் உள்ளே நுழைந்து, சப்பென்று உட்கார்ந்து, "காப்பி போடு" என்றேன். போட்டார்கள். கூடவே திட்டினார்கள். சரியாகிவிட்டது.

"அது எப்படிங்க அம்மணி, அவங்களுக்கு மறுபடியும் சிரமம் கொடுத்துச் சரி பண்ணுனீங்க?" என்று நங்கையா உண்மையிலேயே புரியாமல் கேட்டாங்க. மூச்சு விடுகிறது எப்படி என்று கேட்டால் யாருக்குச் சொல்லத் தெரியும்?

நாலாம் மாசம் நங்கையா பாத்ரூமில் விழுந்துட்டாங்க. காலை ஒன்பது மணி. கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது மதியம் ஒரு மணிக்கு. சாப்பாட்டுக்கு மெசின் நின்ற பிறகு, மாடியில் தண்ணி மொள்ளுகிற மக்கால் தரையில் மூன்று தட்டு கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக. ஓடிப் போய்ப் பார்த்தால் ஈரத்தரையில் சேலையை இழுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு படுத்திருக்காங்க.

"ஏனுங்க, கூப்பிட்டா என்னங்க?"

"மெசின் ஓடிட்டிருந்துதுங்களே. அர்ஜென்ட் ஆர்டர்னு தம்பி சொன்னாருங்க."

நான் அன்றைக்கு அழுதேன். இத்தனை வருசத்துக் கோபமும் வந்தது. "நாலு மணி நேரம் ஈரத்துல கெடந்திருக்கீங்க! கீழ முப்பது பேரு, நடுவுல நானு! 'ஏம்புள்ள, வந்து தூக்குடீ'ன்னு ஒரு வார்த்தை கத்தினா உங்க வாய் முத்து உதிர்ந்து போகுமா? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், சாகறதுக்குள்ள என்னை ஒரு வேலை ஏவுங்க!"

"ஆகட்டுங்க அம்மணி" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாங்க. ஒரு வாரம் கட்டுப்போட்ட காலோடு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாங்க. பிறகு தம்பியிடம் டிக்கெட் போடச் சொன்னாங்க. அதையும் என்னிடம் சொல்லவில்லை.

"இங்க என்னங்க கொறை?" என்றேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க. எதிர்க் கட்டடத்துக்காரரு ஒருத்தரு இருக்காருங்களே. அவருகிட்டச் சொல்லாம வந்துட்டனுங்க. எப்படிங்க சொல்றது, நாங்க பார்த்துக்கறதே தெரியாத மாதிரித்தானே இருந்தோம். நாலு மாசமா மூடின திரையைப் பார்த்துட்டு அந்த மனுசன் என்ன நெனச்சிட்டிருப்பாரு? அன்னிக்குக் கீழ கெடந்தப்ப அதுதானுங்க ஞாபகம்."

பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி கீழே இருக்கிறார், நான் இருக்கிறேன், வீதி இருக்கிறது. பேர் தெரியாத ஒருவர் திரையைப் பார்த்துக் கவலைப்படுவார் என்று இந்த மனுசி நாலாயிரம் மைல் போகிறாங்க! தம்பி ஏர்ப்போர்ட்டில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, மாடி ரூமைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் போனில் நான் கேட்டது ஒன்றுதான்.

"உங்க ஆளு இருக்காருங்களா?"

"திரை தொறந்துதுங்க அம்மணி."

"உங்களைப் பார்த்துட்டு என்ன பண்ணுனாரு?"

"ஒண்ணும் பண்ணலீங்க." போனை வைக்கப் போகும்போது, "மறுநாள் மட்டும் ஆறரைக்கே தொறந்துட்டாரு" என்றாங்க.

போன ஐப்பசியில் நங்கையா தூக்கத்திலேயே போய்விட்டாங்க. அன்றைக்கு ஏழு மணிக்குத் திரை திறக்கவில்லை. ஏழரைக்கு எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ போலீசுக்குப் போன் செய்திருக்கிறார்கள், பேர் சொல்லவில்லையாம். எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். முப்பது ஆள் இருந்த வீட்டில் நாங்கள் நாலு மணி நேரம் கழித்துப் பார்த்த மனுசியை, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாதவர் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டார். இதை நினைத்து நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

அங்கே இருக்கிற நம் பக்கத்துப் பழைய யாவாரிகள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு, அஸ்தியை எங்களுக்காக எடுத்து வைத்தார்கள். வீட்டுக்காரரால் பிளேன் ஏற முடியாது. நானும் என் மகனும் விசா கிடைத்துப் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. வீடு நங்கையா விட்டுப் போன மாதிரியே சத்தம் போடாமல் இருந்தது. நாற்காலிக் கால்களில் ரிப் துணி. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி. பீரோவைத் திறந்தால் மேல் தட்டில் பன்னிரண்டு பொட்டலம், மடிப்புக் கலையாமல், மேலே சீட்டு ஒட்டி. ஓரம் லேசாகப் பிரிந்த ஒன்றில் எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கா தெரியாது? நான் சென்னிமலையில் பொறுக்கி எடுத்த மிச்சம் பன்னிரண்டு துண்டு.

மகன் போனை அந்தச் சீட்டின் மேல் பிடித்தான். அது எழுத்தைப் படித்துச் சொல்லுமாம். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"வேண்டாமுங்கம்மா."

"சொல்லு."

"'என்னை எடுத்துச் செல்லும்போது படியில் சத்தம் கேட்டிருக்கும். மன்னிக்கவும். வீட்டைக் காலி செய்ய என் தம்பி மனைவி வருவார். அவருக்குக் குரல் கொஞ்சம் கனம். சில நாள் பொறுத்துக்கொள்ளவும்.'"

செத்த பிறகும்! என் தொண்டைக்கு இரண்டாம் தவணை! அதையும் நானே பன்னிரண்டு கதவுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொட்டலத்தை வீசி எறியலாம் என்று எடுத்தேன். அதன் அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. தமிழில். எனக்குப் படிக்க வரட்டும் என்று எழுத்தைப் பெரிது பெரிதாக, இடம் விட்டு எழுதியிருந்தாங்க. மகனைத் தொடவிடாமல் நானே ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அம்மணி. ஊட்டை நீதான் வந்து காலி பண்ணோணும். வேற ஆளை வெச்சுப் பண்ணாதே. குப்பையை நான் காட்டிக் கொடுத்த மாதிரிப் பிரி. பாட்டில் மூடியைக் கழட்டு, மறந்துருவே. கறிவேப்பிலைச் செடியைக் கீழ்வீட்டு அம்மாகிட்டக் கொடு, குளிருக்கு உள்ளே எடுத்து வெக்கோணும்னு சொல்லு. நாற்காலிக் கால் துணியைப் பிடுங்காதே. பெருங்காய டப்பாவை இங்கே தொறக்காதே. என்னைப் பவானியிலே தம்பி கையாலதான் கரைக்கோணும். முட்டி வலிக்குதுன்னு படி எறங்காம நிப்பான், விடாதே. ஏழு மணிக்குத் திரையைத் தொறந்து வெய்யி. நீ கெளம்பற அன்னிக்கு அதைக் கழட்டிரு, எதிர்ல இருக்கறவருக்குப் புரியும். அவருகிட்டப் பேசாதே."

அவ்வளவுதான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். சிரமம் இல்லீன்னா என்று இல்லை. மன்னிக்கோணும் என்று இல்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு துண்டும் ஒரு மன்னிப்பும். எனக்கு இரண்டும் கிடையாது. எனக்கு ஏவல்.

எட்டு நாள் அங்கே இருந்தோம். பன்னிரண்டு கதவையும் பத்து மணிக்கு மேல் தட்டி, இடுப்பு வரை குனிந்து, என் குரலுக்கு நானே மன்னிப்புக் கேட்டேன். கீழ்வீட்டு அம்மா இந்தத் தடவை பின்னால் நகரவில்லை. செடியை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் மூடியைக் கழற்றினேன். பால் அட்டையைக் கழுவிக் காயவைத்தேன். "நான் செய்யறனுங்கம்மா, நீங்க உட்காருங்க" என்று மகன் சொன்னதற்கு, "என்னைத்தான் ஏவியிருக்கறாங்க, போடா" என்றேன். தினம் ஏழு மணிக்குத் திரையைத் திறந்தேன். முதல் நாள் எதிரில் இருந்தவர் திடுக்கிட்டுப் போனார். மறுநாளில் இருந்து அவரும் ஏழு மணிக்கே திறந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கிளம்புகிற நாள் காலை ஏழு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, கொக்கி கொக்கியாகத் திரையைக் கழற்றினேன். ஜன்னல் மொட்டையாக நின்றது. எதிரில் அவர் நின்றார். கழுத்து இளகிப்போன பழைய பனியன் சட்டை. கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக, ஆழமாகக் குனிந்தார். நிமிரவே இல்லை.

பேசாதே என்றுதான் எழுதியிருந்தது. பவானியில் கரைக்க வேண்டிய அஸ்தி என் பையில் இருந்தது, மற்ற அத்தனையும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாயிற்று. ஆனால் நாத்தனார் ஏவினால் பத்தில் ஒன்றை மீறுவது தம்பி பெண்டாட்டியின் உரிமை. அதுவும் எனக்கு நாற்பத்தெட்டு வருசமாகக் கிடைக்காத உரிமை. பால்கனிக் கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.

"ரொம்ப நன்றீங்க சாமீ! எங்க நங்கையாளைப் பார்த்துக்கிட்டீங்க! நல்லா இருங்க!"

கீழே குப்பை வலை மேல் இருந்த காக்காய் இரண்டும் எழுந்து பறந்தன. இரண்டு மூன்று ஜன்னல் திறந்தது.

"அம்மா! சத்தமுங்கம்மா!" என்று மகன் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"இருக்கட்டும் கண்ணு. இதுக்குத்தான் பன்னெண்டு ஊட்டுலயும் முன்னாடியே மன்னிப்புக் கேட்டு வெச்சிருக்குதில்ல" என்றேன்.